புகைக்கும் ஒரு வேலை கொடுப்போம்



தரமணி என்றதும் டைடல் பார்க்கும் ஐ.டி. வேலையும்தான் நமக்கு நினைவுக்கு வரும். பிள்ளை பிளஸ் டூ முடிப்பதற்குள் கம்ப்யூட்டர் சயின்ஸ் சீட்டுக்காக வீடே தவம் கிடக்கிறது. அதே தரமணியில், மத்திய அரசின் ஆய்வு அமைப்பான சி.எஸ்.ஐ.ஆர். வளாகத்தில், காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வகத்தின் சென்னைப் பிரிவு இருப்பது எத்தனை பெற்றோருக்குத் தெரியும்?

லித்தியம் அயான் செல்லை நம் நாட்டுத் தொழில்நுட்பத்திலேயே செய்து காட்டிய ஆய்வகம் அது. 2018-ல் அந்தத் தொழில்நுட்பத்தைத் தனியார் நிறுவனத்துக்கு வழங்க ஒப்பந்தமும் போட்டது.

செல்போனிலும் மின்சார ஸ்கூட்டரிலும் உள்ள லித்தியம் அயான் பேட்டரிக்குள் ஒரு திரவம் உண்டு. அதில் சேரும் முக்கியமான பொருள் எத்திலீன் கார்பனேட். அதை எப்படிச் செய்கிறார்கள் தெரியுமா? எத்திலீன் ஆக்சைடோடு கரியமில வாயுவைச் சேர்த்து! ஆம், வண்டிப் புகையில் வருகிற அதே வாயுதான்.

அந்த வாயு லேசில் எதோடும் சேராது. சேர வைக்க வினையூக்கி வேண்டும். அது கரைகிற வகை என்றால், வேலை முடிந்ததும் சரக்கிலிருந்து அதைப் பிரித்தெடுப்பதே பெரும்பாடு. அதனால்தான் பாலிமர் வினையூக்கிகள் மேல் ஆய்வாளர்களுக்கு இத்தனை ஆர்வம். அவை கரையாது. வடிகட்டி எடுத்து மறுபடியும் போடலாம்.

போர் தண்ணீர் உப்பு என்று வீட்டில் வாட்டர் சாஃப்ட்னர் வைத்திருக்கிறீர்களா? அதற்குள் இருக்கும் ரெசின் மணிகளும் பாலிமர்தான். அந்தக் குடும்பத்தின் வேறு சில ரெசின்கள் கரியமில வாயுவைக் கார்பனேட்டாக மாற்றும் என்று ஆய்வுக்கூடங்களில் காட்டியிருக்கிறார்கள்.

இதெல்லாம் ஆய்வுக்கூடத்தோடு நின்றுவிடும் சங்கதி என்று நினைக்க வேண்டாம். வேறு வழியில் என்றாலும், நம் தூத்துக்குடியிலேயே இந்த வாயுவுக்கு வேலை கொடுத்திருக்கிறார்கள். 2016-ல் அங்குள்ள ஆல்கலி கெமிக்கல்ஸ் ஆலை, தன் நிலக்கரி பாய்லரின் புகையிலிருந்து ஆண்டுக்கு 60,000 டன் வரை கரியமில வாயுவைப் பிடித்து சோடா ஆஷ் தயாரிக்க வசதி செய்தது. கண்ணாடிக்கும் சலவைத் தூளுக்கும் போகிற சரக்கு அது. அரசு மானியம் வாங்கவில்லை. ஆலைக்கு அந்த வாயு மூலப்பொருள். அது தடையில்லாமல் கிடைக்க வேண்டியிருந்தது. கணக்கு கட்டுபடியாகும் இடத்தில் முதலாளிகளை யாரும் கெஞ்ச வேண்டியதில்லை என்பது என் எண்ணம்.

ஆனால் ஒன்றை மறைக்கக் கூடாது. ஒரு பெரிய நிலக்கரி மின்நிலையம் ஆண்டுக்குப் பல பத்து லட்சம் டன் கரியமில வாயுவை வெளியே விடுகிறது. அதற்கு முன்னால் 60,000 டன் எந்த மூலைக்கு? பிடித்த கார்பனும் பிடித்தபடியே இருக்குமா? ஆப்ப மாவில் போடும் சோடாவிலும் இதே வாயுதான் அடங்கியிருக்கிறது; சூடு பட்டதும் அதைத் திருப்பி விட்டுவிடும். அதனால்தானே ஆப்பம் பூப்போல வருகிறது! ஜெர்மனியின் கோவெஸ்ட்ரோ நிறுவனம் 2016 முதல் மெத்தை ஃபோமுக்கான மூலப்பொருளில் இந்த வாயுவைச் சேர்க்கிறது. மெத்தைக்குள் போன கார்பன் பல வருஷம் அங்கேயே கிடக்கும். இரண்டும் ஒன்றாகுமா?

ஆகவே, "கார்பனைப் பிடித்துவிட்டோம்" என்று எந்த நிறுவனம் விளம்பரம் செய்தாலும் இரண்டு கேள்வி கேளுங்கள். பிடித்தது எங்கே போய்ச் சேர்கிறது? பிடிப்பதற்குச் செலவான மின்சாரம் எதிலிருந்து வந்தது?

இந்தக் கேள்விகளுக்கு விடை தேட கெமிஸ்ட்ரி படித்த பிள்ளைகள் வேண்டும். செப்டம்பர் 26 சி.எஸ்.ஐ.ஆர். நிறுவன நாள். அதையொட்டி அதன் ஆய்வகங்கள் மாணவர்களை உள்ளே அழைத்துக் காட்டுவது வழக்கம். பள்ளி மூலமாக முன்கூட்டியே விசாரித்து, உங்கள் பிள்ளையை ஒருமுறை அழைத்துப் போங்களேன்.

அன்புடன்,
ஆசிரியர்