பாதிராமணல் போகலாம், அதை மட்டும் பார்க்கலாம்

காலையில் ஆலப்புழை கடற்கரை, மதியம் படகு வீடு, நடுவில் பாதிராமணல், சாயங்காலம் குமரகம்... நம்ம ஆட்கள் இதற்கு வைக்கும் பெயர் 'ரிலாக்ஸா ஒரு ட்ரிப்'!

வேம்பநாட்டு ஏரிக்குள் இருக்கும் குட்டித் தீவுதான் பாதிராமணல். மலையாளத்தில் நள்ளிரவு மணல் என்று அர்த்தம் (பெயரே கவிதை மாதிரி இல்லை?). ஆலப்புழையிலிருந்து முகம்மாவுக்கு பஸ், அங்கே ஜெட்டியில் படகு பேசினால் கொஞ்ச நேரத்தில் தீவு. முன்பு சில குடும்பங்கள் அங்கே வாழ்ந்தன. இப்போது மரங்களும் பறவைகளும்தான். நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை வலசைப் பறவைகள் வரும். கூச்சல் போட்டுக்கொண்டு ஓடினால் ஒன்றும் கண்ணில் படாது.

பி.காம் படிக்கிறவன், கணக்கு சொல்லாமல் விட முடியுமா? படகு வாடகையைப் பத்துப் பேர் பிரித்தால் பெரிதாகத் தெரியாது. படகு வீட்டைச் சேர்த்ததும் பட்ஜெட் எகிறும். உடனே ஒருவன், "ஊர்ல கொஞ்சம் வேலை இருக்குடா, நீங்க போயிட்டு வாங்க" என்பான். வேலை ஒன்றும் இருக்காது, காசுதான் இருக்காது. அதை யாரும் கேட்கவும் மாட்டோம். அவனும் வர முடிகிற மாதிரி போடுவதுதான் என்னைப் பொறுத்தவரை திட்டம். மற்றதெல்லாம் வெட்டி பந்தா.

அதனால் படகு வீட்டை அடித்துவிடுங்கள். தீவில் கடை இருக்கும் என்று நம்பாமல் சாப்பாடு, தண்ணீர் கட்டிக்கொள்ளுங்கள், குப்பையைத் திருப்பி எடுத்துவர ஒரு பையும். படகுக்காரரிடம் எத்தனை மணி நேரம், காத்திருக்க எவ்வளவு என்று ஏறும் முன்பே பேசிவிடுங்கள். இல்லையென்றால் இறங்கிய கால் மணி நேரத்தில் கூப்பிட ஆரம்பித்துவிடுவார் :)