அறுவைக்குப் பின் ஏறிய எடை

சென்ற மாதம் நமக்கு வந்த கடிதங்களுள் ஒன்றைத் திரும்பத் திரும்பப் படித்தோம். எழுதியவர் ஒரு தமக்கை. அவருடைய தங்கைக்கு வயது 34. இரண்டு பிள்ளைகளின் தாய். பிள்ளைகளுக்குப் பால் கொடுத்து முடித்தபின் மார்பகம் தளர்ந்துவிட்டதே என்னும் மனக்குறை அவருக்கு நெடுநாளாக இருந்ததாம். கணவரின் சம்மதத்தோடு, சிலிக்கான் பைகளை உள்ளே வைக்கும் அழகுச் சீரமைப்பு அறுவையைச் செய்துகொண்டார். புண் நன்றாகவே ஆறிற்று. ஆனால் ஐந்து மாதத்திற்குள் உடல் எடை 6 கிலோ கூடிவிட்டது.

“உள்ளே வைத்தது உடம்பெல்லாம் பரவி ஊதுகிறது” என்கிறாராம் அடுத்த வீட்டு அம்மா. “ஆண்டவர் கொடுத்த உடம்பில் கை வைத்ததற்குத் தண்டனை” என்கிறாராம் மாமியார். பைகளை எடுத்துவிட்டால் இளைத்துவிடுவேனா என்று தங்கை கேட்டுக் கேட்டு அழுகிறார். இவை எல்லாவற்றினும் நம்மை வருத்தியது கடிதத்தின் கடைசிப் பத்தி. தவக்காலம் முடிந்து வெகுநாளாகியும், ‘ஒருசந்தி’ என்று வீட்டாரிடம் சொல்லிவிட்டு, வாரத்தில் நான்கு நாள் இரவு உணவைத் தொடாமலே படுத்துவிடுகிறாராம்.

இத்தகைய பொருளைக் குடும்ப ஏட்டில் எழுதலாகுமா என்று முகம் சுளிப்போர் சிலர் இருக்கலாம். 2018-ஆம் ஆண்டில் சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் மார்பகச் சீரமைப்பைக் கட்டணமின்றிச் செய்யத் தொடங்கியபோதே, இது ஏழைகளுக்கு வேண்டியதுதானா என்று பெரும் விவாதம் எழுந்தது. விவாதம் எப்படியாயினும், அறுவை நம் ஊர்களுக்கு வந்துவிட்டது. நம் பங்குகளிலும் அதைச் செய்துகொண்ட பெண்கள் இருப்பார்கள். வெளியே சொல்ல மாட்டார்கள். ஆகவே எழுதுகிறோம்.

அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் 1962-ஆம் ஆண்டு இந்த அறுவை முதன்முதலாக நடைபெற்றது. செய்தவர்கள் தாமஸ் குரோனின், ஃபிராங்க் ஜெரோ என்னும் இரு மருத்துவர்கள். செய்துகொண்டவர் டிம்மி ஜீன் லின்ட்சி என்னும், ஆறு பிள்ளைகளின் தாய். மார்பில் குத்தியிருந்த பச்சையை அழிக்கவே அவர் மருத்துவமனைக்குச் சென்றார். புதிய முறைக்கு உடன்படுவாரா என்று மருத்துவர்கள் வினவியபோது, தமக்கு உண்மையில் குறையாகத் தோன்றியது காதுகளே என்றாராம். காதுகளையும் சரிசெய்து தருவதாகச் சொன்னபின் இணங்கினார். பெண்ணின் மனக்குறை ஓரிடம், மருத்துவரின் ஆர்வம் வேறிடம் என்பது அன்றே இருந்தது போலும்!

பின்னர்ப் பல பெண்கள் மூட்டு வலி, சோர்வு எனப் பலவாறு முறையிட்டதால், அமெரிக்க அரசு 1992-இல் அழகுக்காக மட்டும் சிலிக்கான் பை வைப்பதைத் தடுத்து நிறுத்தியது. 1999-இல் அந்நாட்டு மருத்துவ அறிஞர் குழு, இப்பைகள் உடல் முழுவதையும் தாக்கும் நோய்களை உண்டாக்குவதாக நம்பத்தக்க சான்று இல்லை என்றும், பை கிழிதல், சுற்றிலும் உறை இறுகுதல் போன்ற அவ்விடத்துத் தொல்லைகளே மிகுதி என்றும் அறிவித்தது. 2006-இல் தடை நீங்கிற்று. பை கிழிந்தாலும் உள்ளிருக்கும் பசை பெரும்பாலும் அதனைச் சுற்றி உடல் எழுப்பிய உறைக்குள்ளேயே தங்கும். சிறிது வெளியேறினாலும் அது கொழுப்பாக மாறுவதில்லை. அடுத்த வீட்டு அம்மாவுக்கு இதுவே நம் விடை.

அங்ஙனமாயின் 6 கிலோ எங்கிருந்து வந்தது? வழக்கமாக வைக்கப்படும் ஒரு பை 300 மில்லிலிட்டர் அளவினது என்று கொண்டால், அதன் எடை ஏறத்தாழ 300 கிராம். இரண்டும் சேர்ந்து 600 கிராம். அறுவையின்போது ஏற்றிய நீராலும் வீக்கத்தாலும் கூடிய எடை சில வாரங்களில் வடிந்திருக்கும். எஞ்சிய ஐந்து கிலோவுக்கும் மேற்பட்ட எடைக்குக் காரணம் தேட, நாம் அறுவைக் கூடத்தை விட்டு அடுக்களைக்குள் நுழைய வேண்டும்.

நம் வீடுகளில் ‘அறுத்த உடம்பு’ என்றாலே போதும். ஆட்டுக்கால் சூப்பு, நாட்டுக்கோழி, முட்டை, சத்துமாவுக் கஞ்சி, சோற்றில் நெய் என்று ஒன்றன்பின் ஒன்றாக வரும். அன்புதான், குறை கூறவில்லை. முதல் இரண்டு வாரம் புண் ஆறுவதற்குப் புரதம் தேவையே. ஆனால் இரண்டு வாரத்திற்கென்று தொடங்கிய உபசாரம் ஐந்தாம் மாதத்திலும் நடந்துகொண்டிருப்பதை யாரும் கவனிப்பதில்லை. இரண்டு தேக்கரண்டி நெய், சர்க்கரையிட்ட ஒரு குவளை மால்ட் பால், இவை மட்டுமே நாளொன்றுக்கு 300 கலோரியை நெருங்கிவிடும். ஒரு கிலோ உடற்கொழுப்பு சுமார் 7,700 கலோரிக்குச் சமம். 150 நாளுக்குக் கணக்கிட்டுப் பாருங்கள், ஐந்து கிலோவைத் தாண்டும். உடல் கணக்குப்பிள்ளையன்று, எழுதியபடியே ஏறுவதுமில்லை. ஆயினும் ஏறும் வழி இதுதான்.

மற்றொரு புறம் அசைவு குறைந்துவிடுகிறது. கனமான பொருளைத் தூக்காதே, கையை உயர்த்தி வேலை செய்யாதே என்று மருத்துவர் சொல்வது நான்கு முதல் ஆறு வாரத்திற்கே. நடக்க வேண்டாம் என்று அவர் சொல்வதில்லை. நம் வீட்டுப் பெரியவர்களோ “படுத்திரு” என்கிறார்கள். தண்ணீர்க் குடம், துணி துவைத்தல், பிள்ளையைத் தூக்குதல், கோயிலுக்கு நடந்து போதல் எல்லாம் நின்றுபோகின்றன. கடிதத்தில் ஒரு வரி நம் கண்ணில் பட்டது: தங்கை இப்போது ஞாயிறு பூசைக்கும் ஆட்டோவில்தான் போகிறார், பிறர் பார்ப்பார்களே என்ற கூச்சத்தால். முன்பு நடந்தே போனவராம்.

இதோடு நிறுத்திவிடவும் இயலாது. தைராய்டு சுரப்பி குன்றினாலும் எடை கூடும், சோர்வு வரும். நம் நாட்டுப் பெண்களிடம் இது அரிதன்று. ஸ்டீராய்டு மருந்துகளும், மனச்சோர்வுக்குத் தரப்படும் சில மாத்திரைகளும் எடையைக் கூட்டும். எனவே ஓர் எளிய இரத்தப் பரிசோதனை செய்யாமல் யாரையும், எதையும் குற்றம் சாட்ட வேண்டாம். பை வைத்தபின் ஓயாத அசதியும் மூட்டு வலியும் மறதியும் வந்ததாகச் சொல்லும் பெண்கள் இன்றும் உண்டு. அவற்றுக்குக் காரணம் இன்னதென்று தெளிவாகவில்லை. அதற்காக, அப்படிச் சொல்பவளைப் பாசாங்கு செய்கிறாள் என்று ஒதுக்குவது முறையன்று.

பைகளை எடுத்துவிட்டால் இளைக்குமா? குறைவது அந்த 600 கிராம் மட்டுமே. மேற்கொண்டு இன்னொரு மயக்க மருந்து, இன்னும் பல வாரம் ஓய்வு, முன்னினும் தளர்ந்த தோல். எடைக்காக எடுக்க வேண்டியதில்லை. ஆனால் புதிதாக வீக்கம், கட்டி, வலி, இறுக்கம், வடிவ மாற்றம் இவற்றுள் எதுவாயினும் தோன்றினால் அறுவை செய்த மருத்துவரிடம் தாமதியாமல் செல்ல வேண்டும். இப்பைகள் வாழ்நாள் முழுவதும் நிலைக்கும் என எண்ணலாகாது என்பதை 2021 முதல் நோயாளிக்குத் தெளிவாக எச்சரிக்கும்படி அமெரிக்க அரசு கட்டளையிட்டுள்ளது. நம் சகோதரிக்கு இதை யாரேனும் முன்கூட்டிச் சொன்னார்களா என்பது கடிதத்தில் இல்லை.

மாமியாரின் சொல்லுக்கு வருவோம். திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர், தாம் இறப்பதற்கு ஐந்து நாள் முன்னர், 1958 அக்டோபர் 4-ஆம் நாள், இத்தாலிய உறுப்புச் சீரமைப்பு மருத்துவர்களுக்கு இப்பொருள் குறித்தே உரையாற்றினார். உடலழகும் ஒரு நன்மையே, எனினும் அதனினும் உயர்ந்த நன்மைகளுக்கு அது கீழ்ப்பட்டது. எந்த நோக்கத்தோடு, எந்த ஆபத்தை ஏற்றுச் செய்கிறோம் என்பதைச் சீர்தூக்க வேண்டும் என்பதே அவ்வுரையின் போக்கு. இச்சகோதரி சரியாகச் சீர்தூக்கினாரா என்று தீர்ப்பிட நாம் முன்வரவில்லை. ஆனால் நெய்யால் ஏறிய எடையைக் கடவுளின் தண்டனை என்று மாமியார் கூறுவது, கடவுளுக்கும் நெய்க்கும் ஒருங்கே இழைக்கும் அநீதி.

இனி அந்த ஒருசந்தி. பட்டினியால் இளைக்கும் உடல் கொழுப்போடு தசையையும் இழக்கிறது. மார்பகத்தில் சுரப்பியோடு கொழுப்பும் உள்ளதால், எடை கூடும்போது அதுவும் பெருக்கும். விரைந்து இளைத்தால் தோல் தொய்யும். எந்தத் தளர்ச்சிக்காக இத்துணைச் செலவும் வலியும் பட்டாரோ, அதையே பட்டினி திரும்பக் கொண்டுவரும். அறுவைக்கு முன்பே எடை சில மாதம் நிலையாக இருக்க வேண்டும் என்று மருத்துவர்கள் வற்புறுத்துவதும் இதனால்தான். மாதம் ஒரு கிலோ குறைந்தாலே போதும். அதற்கு இரவில் இரண்டு இட்லியும் சாம்பாரும் உண்டுவிட்டு, காலையில் அரை மணி நேரம் நடந்தால் தகும்.

கடிதம் எழுதிய சகோதரிக்கு ஒரு வேண்டுகோள். தங்கையிடம் இக்கட்டுரையைக் கொடுத்துப் படிக்கச் சொல்லாதீர்கள். மாலையில் அவர் வீட்டுக்குச் சென்று, இரவு உணவுக்கு உடன் அமருங்கள். மறுநாள் தைராய்டு பரிசோதனைக்கு நீங்களே அழைத்துச் செல்லுங்கள். அடுத்த ஞாயிறு பூசைக்கு இருவரும் நடந்தே போங்கள். பரிசோதனையின் முடிவு வந்ததும் நமக்கு எழுதுங்கள். பெயரும் முகவரியும் வேண்டியதில்லை.