திரைச்சீலையும் சிகிச்சைதான்

இந்தியாவில் 2022-இல் சுமார் 1,27,000 பெண்களுக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய் புதிதாக வந்ததாக மதிப்பிடப்பட்டிருக்கிறது. நோய் ஓரளவு பரவிய நிலையில் வருபவர்களுக்கு ஐந்து வாரம் போல வெளிக் கதிர்வீச்சு, வாரம் ஒரு முறை கீமோ, பிறகு பிறப்புறுப்பு வழியே கருவி பொருத்தி உள்ளிருந்து தரும் கதிர்வீச்சு என்பதே வழக்கமான முறை. எல்லாம் எட்டு வாரத்துக்குள் முடிய வேண்டும். இழுத்துக்கொண்டே போனால் நோய் கட்டுப்படும் வாய்ப்பு குறைகிறது. உடை களைந்து படுத்திருக்கும் அறைக்குள் ஆட்கள் வந்துபோய்க்கொண்டே இருந்தால், வலிக்கு முன்கூட்டியே மருந்து தரப்படாவிட்டால், அடுத்த முறை வர ஒரு பெண் தயங்குவதில் வியப்பில்லை. மறைப்பும் செவிலியரின் விளக்கமும் வெறும் உபசரிப்பு அல்ல, அந்த எட்டு வாரக் கணக்கைக் காப்பாற்றுபவை.

கூட்டம் நெரியும் அரசு மருத்துவமனையில் முதலில் கருவிகள் வரட்டும் என்பார்கள். வரட்டும். ஆனால் கோடிகளில் வாங்கும் கருவிக்குப் பக்கத்தில் ஒரு திரைச்சீலைக்கு வழியில்லை என்பதை ஏற்க முடியாது. ஆள் பற்றாக்குறை உண்மையான சிக்கல்தான். அதனாலேயே புற்றுநோய்ப் பிரிவில் பழகிய செவிலியரை வேறு வார்டுக்கு மாற்றக் கூடாது. கதிர்வீச்சுக்குப் பின் பிறப்புறுப்பு சுருங்கலாம், மாதவிடாய் நின்றுபோகலாம். தாம்பத்தியம் பற்றிய அச்சத்தை உறவினர் முன்னால் எந்தப் பெண்ணும் சொல்ல மாட்டார். வீடு திரும்புமுன் செவிலியரோடு தனியறையில் அரை மணி நேரம் பேசுவதை மருத்துவமனைகள் கட்டாய நடைமுறையாக்க வேண்டும்.