உங்கள் கோஷ்டி எது?
ஜெர்மனி கால்பந்து கிளப்பைத் தேர்ந்தெடுக்கு முன் கேட்க வேண்டிய கேள்வி

ஜெர்மனியில் நடக்கும் கால்பந்து பந்தயங்களை இன்று உலகமே டெலிவிஷனில் பார்க்கிறது. ஜப்பானில் பார்க்கிறார்கள். பிரேசிலில் பார்க்கிறார்கள். நம் நாட்டிலும் பார்க்கிறார்கள்.

பார்க்கத் தொடங்கிய சில நாளில் ஒரு கேள்வி வந்துவிடும்.

"நாம் எந்தக் கோஷ்டியின் பக்கம்?"

யார் பக்கமும் சேராமல் பந்தயம் பார்ப்பது உப்பில்லாத பண்டத்தைத் தின்பது போல. ஒரு பக்கம் சேர்ந்துவிட்டால்தான் நெஞ்சு படபடக்கும். கோல் விழுந்தால் துள்ளத் தோன்றும். தோற்றுவிட்டால் அன்று இரவு தூக்கம் வராது.

உள்ளூர்க்காரருக்கு இந்தக் கேள்வியே இல்லை. டார்ட்மண்ட் நகரில் பிறந்தவர் டார்ட்மண்ட் கோஷ்டியின் ஆள். அப்பா எந்தக் கோஷ்டியோ, பிள்ளையும் அந்தக் கோஷ்டிதான். வெளிநாட்டில் இருப்பவர்தான் யோசித்துத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

பெரும்பாலானவர்கள் என்ன செய்கிறார்கள்? அதிகமாக ஜெயிக்கும் கோஷ்டி எது என்று பார்க்கிறார்கள். அதன் பக்கம் சேர்ந்துவிடுகிறார்கள். அதில் குற்றம் ஒன்றும் இல்லை.

ஆனால் ஜெர்மனியைப் பொறுத்தவரை, அதற்கு முன்பு கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது.

"இந்தக் கிளப் யாருக்குச் சொந்தம்?"

இதுதான் அந்தக் கேள்வி. ஏன் என்று பார்ப்போம்.

18 கோஷ்டிகள்

ஜெர்மனியின் முதல் வகுப்புப் போட்டிக்கு "புண்டெஸ்லிகா" என்று பெயர். 1963-ம் ஆண்டில் இது தொடங்கியது.

மொத்தம் 18 கோஷ்டிகள். ஒவ்வொரு கோஷ்டியும் மற்ற 17 கோஷ்டிகளுடனும் இரண்டு முறை மோத வேண்டும். ஒரு முறை சொந்த ஊரில். ஒரு முறை வெளியூரில். ஆக ஒரு கோஷ்டிக்கு 34 பந்தயங்கள்.

கடைசி இரண்டு இடங்களில் வரும் கோஷ்டிகள் இரண்டாம் வகுப்புக்கு இறங்கிவிடும். கடைசியில் இருந்து மூன்றாவதாக வரும் கோஷ்டி, இரண்டாம் வகுப்பில் மூன்றாவதாக வந்த கோஷ்டியுடன் மோதித் தன் இடத்தைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டும்.

எவ்வளவு பெரிய கிளப்பானாலும் இதில் சலுகை கிடையாது.

ஹாம்பர்க் நகரக் கிளப்பின் கதையைக் கேளுங்கள். புண்டெஸ்லிகா தொடங்கிய நாள் முதல் ஒரு வருடம் கூட கீழே இறங்காமல் இருந்த ஒரே கிளப் அதுதான். அந்தப் பெருமையைக் காட்டுவதற்காக மைதானத்தில் ஒரு கடிகாரம் வைத்திருந்தார்கள். எத்தனை வருடம், எத்தனை நாள், எத்தனை மணி, எத்தனை வினாடி முதல் வகுப்பில் இருக்கிறோம் என்று அது காட்டிக்கொண்டே இருந்தது.

2018-ம் ஆண்டில் ஹாம்பர்க் கீழே இறங்கியது. திரும்பி வர ஏழு ஆண்டுகள் பிடித்தன. 2025-ல்தான் மேலே ஏறியது.

அந்த ஏழு ஆண்டுகளில் ரசிகர்கள் ஓடிவிட்டார்களா? இல்லை! இரண்டாம் வகுப்பில் ஆடியபோதும், பிந்திய ஆண்டுகளில் சராசரி 50 ஆயிரம் பேருக்கு மேல் வந்து மைதானத்தை நிறைத்தார்கள்.

பாதிக்கு மேல் ஒரு ஓட்டு

இவ்வளவு பாசம் எப்படி வந்தது?

ஜெர்மனியில் கால்பந்து கிளப் என்பது ஆதியில் ஒரு சங்கம். ஊர்க்காரர்கள் சந்தா கட்டி உறுப்பினர் ஆவார்கள். பொதுக்கூட்டத்தில் ஓட்டுப் போடுவார்கள். லாப நோக்கம் இல்லாத அந்தச் சங்கம்தான் கோஷ்டியை நடத்தியது.

பிறகு ஆட்டத்தில் பணம் பெருகியது. ஆகவே 1998-ம் ஆண்டில், சங்கங்கள் தங்கள் கால்பந்து பிரிவைக் கம்பெனியாக மாற்றிக்கொள்ளலாம் என்று அனுமதி தரப்பட்டது. பணக்காரர்கள் அதில் பங்கு வாங்கலாம்.

ஆனால் ஒரு நிபந்தனை போட்டார்கள். கம்பெனியின் ஓட்டுகளில் பாதியும், அதற்கு மேல் ஒன்றும் சங்கத்தின் கையில்தான் இருக்க வேண்டும். இதை "50 கூட்டல் 1 விதி" என்கிறார்கள்.

அதாவது, பணம் யார் வேண்டுமானாலும் போடலாம். கடைசிச் சொல் உறுப்பினர்களுடையது.

இங்கிலாந்தில் அப்படி இல்லை. அங்கே வெளிநாட்டுக் கோடீசுவரர் ஒருவர் வந்து கிளப்பை முழுவதுமாக விலைக்கு வாங்கிவிடலாம். பலர் வாங்கியும் இருக்கிறார்கள்.

விதிக்கு விலக்கு

ஜெர்மனியிலும் எல்லோரும் ஒரே மாதிரி இல்லை.

லெவர்குசன் கிளப் பேயர் என்ற மருந்துக் கம்பெனிக்குச் சொந்தம். வோல்ப்ஸ்பர்க் கிளப் வோக்ஸ்வேகன் மோட்டார் கம்பெனிக்குச் சொந்தம். நெடுங்காலமாக ஆதரித்து வந்த கம்பெனிகள் என்பதால் இவற்றுக்கு விலக்கு அளித்தார்கள்.

லெவர்குசன் கதையில் ஒரு விசேஷம் உண்டு. அந்தக் கிளப்பை முதலாளி ஆரம்பிக்கவில்லை. விளையாட்டுச் சங்கம் வேண்டும் என்று 170 தொழிலாளிகள் கையெழுத்திட்டு மனுக் கொடுத்தார்கள். அதன் பேரில் 1904-ம் ஆண்டில் அது பிறந்தது. 120 ஆண்டுகள் கழித்து, 2024-ல், முதல் தடவையாக சாம்பியன் பட்டம் பெற்றது. அதுவும் 34 பந்தயங்களில் ஒன்றில் கூடத் தோற்காமல்!

ஹோபன்ஹைம் கிளப்புக்கும் விலக்கு இருந்தது. டீட்மர் ஹோப் என்ற பெரும் பணக்காரர் அதை வளர்த்தார். அவர் 2023-ல் தம்முடைய ஓட்டுப் பலத்தை, தாமே மனமுவந்து, சங்கத்திடம் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

லைப்சிக் கிளப் வேறு ரகம். 2009-ல் ரெட் புல் என்ற பானக் கம்பெனி, ஐந்தாம் வகுப்பில் ஆடிய ஒரு சிறு கிளப்பின் ஆட்ட உரிமையை வாங்கி இதைத் தொடங்கியது. ஏழே ஆண்டுகளில் முதல் வகுப்புக்கு வந்துவிட்டது. விதிப்படி இங்கும் சங்கம் உண்டு. ஆனால் ஓட்டுரிமை உள்ள உறுப்பினர்கள் மிகச் சிலரே. இதனால் மற்றக் கிளப் ரசிகர்களுக்கு லைப்சிக் மீது தீராத கோபம்.

இந்த வேற்றுமை பற்றி 2025 ஜூன் மாதத்தில் ஒரு முக்கியமான கருத்து வெளியாயிற்று. வியாபாரப் போட்டியைக் கண்காணிக்கும் ஜெர்மன் அரசாங்க அலுவலகம் அதை வெளியிட்டது. "50 கூட்டல் 1 விதியில் பெரிய ஆட்சேபம் இல்லை. ஆனால் அதை எல்லோருக்கும் ஒரே மாதிரி அமல் நடத்த வேண்டும். ஓட்டுரிமையுடன் உறுப்பினராகச் சேர எல்லாக் கிளப்பும் வழி விட வேண்டும்" என்பது அதன் சாரம்.

டென்னிஸ் பந்து மழை

இதெல்லாம் அவர்கள் ஊர் வழக்கு. வெளிநாட்டில் இருக்கும் நமக்கு என்ன என்று கேட்கலாம்.

நமக்கும் சம்பந்தம் உண்டு!

2023 டிசம்பரில் முதல் இரண்டு வகுப்புகளின் 36 கிளப்புகள் கூடி ஓட்டெடுத்தன. பந்தயங்களின் ஒளிபரப்பு வருமானத்தில் 8 சதவிகிதம் வரை, 20 ஆண்டு காலத்துக்கு, ஒரு முதலீட்டுக் கம்பெனிக்கு விடுவது. அதற்குப் பதிலாக சுமார் 100 கோடி யூரோ வாங்குவது. இதுதான் திட்டம். 24 கிளப்புகள் சரி என்றன.

எதற்கு இந்தப் பணம்? ஜெர்மன் கால்பந்தை வெளிநாடுகளில் பரப்புவது முக்கிய நோக்கங்களில் ஒன்று. அதாவது, நம்மைப் போன்றவர்களைப் பிடிப்பதற்காக!

ரசிகர்கள் கொதித்து எழுந்தார்கள். பந்தயம் நடக்கும்போது மைதானத்துக்குள் டென்னிஸ் பந்துகளை வாரி வீசினார்கள். காசு போல் செய்த சாக்லேட்டுகளை எறிந்தார்கள். பொம்மைக் கார்களைக் கூட ஓட்டிவிட்டார்கள். ஆட்டங்கள் நின்று நின்று நடந்தன. இப்படிப் பல வாரங்கள்.

2024 பிப்ரவரி 21-ந் தேதி திட்டம் கைவிடப்பட்டது. ரசிகர்கள் ஜெயித்துவிட்டார்கள்!

ரசிகர்களின் பயம் என்ன? பணம் போட்டவர் நாளைக்குப் பந்தய நேரத்தை மாற்றச் சொல்வார் என்பதுதான். அந்தப் பயத்துக்குக் காரணம் இருந்தது. திங்கட்கிழமை இரவுப் பந்தயம் என்று முன்பே ஒரு ஏற்பாடு வந்தது. டெலிவிஷனுக்கு அது வசதி. ஆனால் மறுநாள் வேலைக்குப் போகிறவர் வெளியூர் போய்ப் பார்த்துவிட்டு எப்படித் திரும்புவார்? 2018-ல் எதிர்ப்புக் கிளம்பியது. 2021 முதல் புண்டெஸ்லிகாவில் திங்கட்கிழமைப் பந்தயங்கள் நிறுத்தப்பட்டன.

எதிர்க்கட்சி வாதம்

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும்.

"இங்கிலாந்து கிளப்புகள் பணத்தைக் கொட்டி நல்ல ஆட்டக்காரர்களை எல்லாம் அள்ளிப் போகின்றன. பணம் இல்லாமல் நாம் எப்படி ஈடு கொடுப்பது?" என்று கேட்கிறார்கள் விற்பனையை ஆதரித்தவர்கள்.

இதை லேசாகத் தள்ள முடியாது. மேலும், சங்கம் ஆள்வதால் மட்டும் சமத்துவம் வந்துவிடவில்லை. 2013 முதல் 2023 வரை 11 ஆண்டுகள் தொடர்ந்து பயர்ன் மியூனிக் ஒன்றே சாம்பியன்! அதுவும் சங்கக் கிளப்தான். அதன் கம்பெனியில் 75 சதவிகிதம் உறுப்பினர்களின் சங்கத்துக்குச் சொந்தம். பாக்கியை அடிடாஸ், ஆடி, அலியன்ஸ் என்ற மூன்று கம்பெனிகள் வைத்திருக்கின்றன.

ஆகவே 50 கூட்டல் 1 விதி எல்லா நோய்க்கும் மருந்து அல்ல. ஊர்க்காரரின் கிளப்பை ஊர்க்காரரைக் கேட்காமல் விற்க முடியாது. அந்த ஒன்றை அது காப்பாற்றுகிறது.

யார் யார் எப்படி?

இனி கிளப்புகளைப் பார்க்கலாம்.

வெற்றி வேண்டும் என்பவருக்கு பயர்ன் மியூனிக். 1900-ல் தொடங்கியது. உறுப்பினர்கள் 3 லட்சத்துக்கும் மேல். இந்தியாவுக்கும் வந்திருக்கிறார்கள். இதன் கோல் கீப்பர் ஆலிவர் கானின் பிரிவு உபசாரப் பந்தயம் ஒன்று 2008-ல் கல்கத்தாவில் மோகன் பகானுடன் நடந்தது. பார்க்க வந்தவர்கள் 1 லட்சத்துக்கும் மேல்!

ஆரவாரம் வேண்டும் என்பவருக்கு டார்ட்மண்ட். மைதானத்தில் 81 ஆயிரம் பேருக்கு இடம். தெற்குப் பக்கத்தில் சுமார் 25 ஆயிரம் பேர் மஞ்சள் உடையில் நின்றுகொண்டே பார்ப்பார்கள். அதற்கு "மஞ்சள் சுவர்" என்று பெயர். இந்தக் கிளப் 2005-ல் கடனில் மூழ்கித் திவாலாகும் நிலைக்குப் போய்ப் பிழைத்தது. 2011, 2012 ஆண்டுகளில் சாம்பியன் ஆயிற்று.

உழைப்பாளிகளின் கதை பிடிக்கும் என்பவருக்கு ஷால்கே. கெல்சன்கிர்ச்சன் என்ற நிலக்கரி ஊரின் கிளப். ஆட்டக்காரர்கள் மைதானத்துக்கு வரும் வழியையே சுரங்கம் போல அமைத்திருக்கிறார்கள். அந்த வட்டாரத்தின் கடைசி நிலக்கரிச் சுரங்கம் 2018-ல் மூடப்பட்டுவிட்டது. ஷால்கேயும் 2021, 2023 என்று இரண்டு முறை கீழே இறங்கியது. ஆனாலும் ஜனங்கள் விடவில்லை. ஒன்று மட்டும் ஞாபகம் இருக்கட்டும். ஷால்கேயும் டார்ட்மண்டும் கீரியும் பாம்பும்! இரண்டையும் சேர்த்து ஆதரிக்க முடியாது.

"எங்கள் கையால் கட்டியது" என்று சொல்லத்தக்கது யூனியன் பெர்லின். 2008-ல் மைதானத்தைப் புதுப்பிக்கப் பணம் இல்லை. ரசிகர்களே மண்வெட்டி எடுத்தார்கள். 2 ஆயிரம் பேருக்கு மேல் கூலி வாங்காமல் 1 லட்சத்து 40 ஆயிரம் மணி நேரம் வேலை செய்தார்கள். பிறகு, 2019-ல், அந்தக் கிளப் முதல் வகுப்புக்கு ஏறியது.

ஹாம்பர்க் துறைமுகப் பக்கத்தில் செயின்ட் பாலி கிளப் இருக்கிறது. மண்டை ஓடும் எலும்பும் வரைந்த கொடி இதன் ரசிகர்களின் அடையாளம். சமீபத்தில் கூட்டுறவுச் சங்கம் அமைத்து, 20 ஆயிரம் பேருக்கு மேற்பட்டவர்களிடம் பங்கு சேர்த்தார்கள். அந்தப் பணம் மைதானத்துக்காக.

ஆரவாரம் இல்லாத நிதானமான குடும்பம் வேண்டும் என்பவருக்கு பிரைபர்க். கருங்காட்டுப் பிரதேசத்தின் ஓரத்தில் உள்ள ஊர். கிறிஸ்டியான் ஸ்ட்ரைக் என்பவர் 2012 முதல் 2024 வரை பயிற்சியாளராக இருந்தார். கோஷ்டி கீழே இறங்கியபோதும் அவரை வெளியே அனுப்பவில்லை. அவருடனேயே மறுபடி மேலே ஏறினார்கள்.

தேர்ந்தெடுப்பது எப்படி?

மூன்று கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள்.

ஒன்று: இந்தக் கிளப் யாருக்குச் சொந்தம்? கம்பெனியின் கிளப்பானாலும் பாதகம் இல்லை. ஆனால் தெரிந்து சேருங்கள்.

இரண்டு: இது நாளைக்கே இரண்டாம் வகுப்புக்கு இறங்கினால் கூடவே இருப்பேனா?

மூன்று: இந்த ஊரைப் பற்றித் தெரிந்துகொள்ள ஆசை இருக்கிறதா? நிலக்கரியா, துறைமுகமா, மோட்டார் தொழிற்சாலையா? ஊர் பிடித்தால் கோஷ்டியும் பிடிக்கும்.

பல கிளப்புகளில் வெளிநாட்டில் இருப்பவரும் சந்தா கட்டி உறுப்பினர் ஆகலாம். பனியன் வாங்குகிறவர் வாடிக்கைக்காரர். சந்தா கட்டுகிறவர் சங்கத்தைச் சேர்ந்தவர்.

சனிக்கிழமைப் பந்தயங்களில் பல, ஜெர்மனியில் மாலை 3-30 மணிக்குத் தொடங்கும். நமக்கு அது இரவு 7 மணி. அங்கே குளிர்காலமானால் 8 மணி. குழந்தைகளும் பெரியவர்களும் சேர்ந்து உட்கார்ந்து பார்க்கத் தோதான நேரம்.

அந்த நேரம் நமக்காக வைத்தது அல்ல. அந்த ஊர்க்காரர்கள் மைதானத்துக்குப் போய்விட்டு வீடு திரும்ப வசதியாக, வழிவழியாக வந்த நேரம். நமக்கு வசதியாக அதை மாற்றச் சொல்லாமல், அவர்களுடைய நேரத்திலேயே நாமும் உட்கார்ந்து பார்ப்போம். தூரத்தில் இருக்கும் ரசிகர் அந்த ஊருக்குச் செய்யக்கூடிய மரியாதை அதுதான்.