சத்திரவைத்தியருக்கு எவ்வளவு சம்பளம்?

உயர்தரப் பரீட்சைப் பெறுபேறுகள் வெளியாகுங் காலத்திலே நமது குடாநாட்டு வீடுகளில் ஒரு கேள்வி தவறாமல் எழுகின்றது. பிள்ளைக்கு மருத்துவபீடம் கிடைக்குமா என்பதே அது. கிடைத்துவிட்டால், எந்தத் துறையிலே நிபுணரானால் வருமானம் அதிகம் என்ற இரண்டாவது கேள்வி அதன் பின்னே பிறக்கின்றது. கல்யாணத் தரகரோ இன்னும் விரைவு மிக்கவர். பிள்ளை முதலாம் வருடப் பரீட்சை எழுதுமுன்னரே நிபுணரின் சம்பளத்தைக் கணக்கிட்டுச் சீதனத்தையும் பேசத் தொடங்கிவிடுவார். இந்த இரண்டாங் கேள்வியை இழிவானதென்று நாம் தள்ளிவிட விரும்பவில்லை. உழைப்பவன் ஊதியத்தைக் கேட்பது குற்றமன்று. ஆயின், விடையை அரைகுறையாக அறிந்துகொண்டு ஒரு பிள்ளையின் வாழ்நாளைத் தீர்மானிப்பது பெருந் தீங்காகும். ஆதலால் சத்திரசிகிச்சை நிபுணரின் சம்பளம் எவ்வளவு, அதனைக் கூட்டுவனவுங் குறைப்பனவும் எவை என்பவற்றை இவ்வாரம் ஆராய்வோம்.

சத்திரவைத்தியனின் கூலி மிகப் பழைய விவகாரம். ஏறக்குறைய 3,750 ஆண்டுகளுக்கு முன்னர்ப் பாபிலோனை ஆண்ட ஹமுராபி என்னும் அரசன் கல்லிலே பொறித்த சட்டங்களுள் இதற்கும் இடமுண்டு. வெண்கலக் கத்தியாற் கீறி ஓர் உயர்குடியாளனின் உயிரையோ கண்ணையோ காப்பாற்றிய வைத்தியனுக்குக் கூலி பத்துச் சேக்கல் வெள்ளி. சாதாரண குடிமகனாயின் ஐந்து. அடிமையாயின் இரண்டு, அதனையும் அவனுடைய எசமானனே கொடுத்தல் வேண்டும். உயர்குடியாளன் இறந்துவிட்டாலோ கண்ணிழந்தாலோ வைத்தியனின் கையைத் துண்டிக்குமாறு அச்சட்டம் விதித்தது. தண்டனையின் கொடுமையை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், இன்றைய சம்பளத்தை நிருணயிக்கும் மூன்று காரணங்களும் அங்கே நிற்பதைக் காணலாம். வேலையின் அருமை ஒன்று. பணம் கொடுப்பவரின் சக்தி மற்றொன்று. தவறு நேர்ந்தால் வந்து சேரும் பொறுப்பு மூன்றாவது.

இனி நமது மண்ணுக்கு வருவோம். அமெரிக்க மிசன் வைத்தியரான சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847ஆம் ஆண்டு யாழ்ப்பாணத்துக்கு வந்தார். மானிப்பாயிலிருந்து அவர் ஆற்றிய வைத்தியத் தொண்டையும், சத்திரவைத்தியத்தைக் கூறும் 'இரண வைத்தியம்' முதலாய நூல்களைத் தமிழிலே ஆக்கித் தந்த செய்தியையும் பலர் அறிவர். அவர் தமிழிலே வைத்தியம் கற்பிக்கத் துணிந்ததற்குரிய காரணங்களுள் ஒன்று நமது விடயத்தோடு நேரே தொடர்புடையது. ஆங்கிலத்திலே கற்றுத் தேறியோர் அரசாங்க உத்தியோகத்தை நாடி வேற்றூர்களுக்குச் சென்றனர். தமிழிலே கற்பவர் தம் கிராமத்தவரிடையே தங்கி, அவர்கள் கொடுக்குங் கூலியைக் கொண்டு சீவித்து, அவர்களுக்கே பயன்படுவர் என்று கிறீன் எண்ணினார். சம்பளம் வைத்தியரை இழுத்துச் செல்லும் என்பதும், அவரை ஊரிலே நிறுத்துவதற்கு வழி தேட வேண்டும் என்பதும் நேற்று முளைத்த பிரச்சினைகள் அல்ல.

இன்றைய நிலையைப் பார்ப்போம். முதலிலே காலக் கணக்கு. மருத்துவபீடத்திலே ஐந்து ஆண்டு. உள்ளகப் பயிற்சி ஓராண்டு. அதன்பின் வைத்திய அதிகாரியாகச் சேவை. கொழும்புப் பல்கலைக்கழகத்தின் பட்டப்பின் மருத்துவ நிறுவனம் நடத்தும் கடினமான பரீட்சைகளிலே தேறிய பின்னர், சில ஆண்டுகள் பெரிய வைத்தியசாலைகளிற் பயிற்சி. பின் சிரேட்ட பதிவாளராக உள்நாட்டிலும் வெளிநாட்டிலும் பயிற்சி. இவையெல்லாம் முடிந்து நிபுணர் என்ற பெயரைப் பெறும்போது வயது பெரும்பாலும் முப்பத்தைந்தை எட்டிவிடும். உடன் படித்த பொறியியலாளனும் கணக்காளனும் அதற்கிடையிலே பத்தாண்டு உழைத்து வீடுங் கட்டியிருப்பார்கள். நிபுணரின் மாதச் சம்பளத்தை மட்டும் ஒப்பிடுவோர் இந்தப் பத்தாண்டைக் கணக்கிலே சேர்ப்பதில்லை.

அடுத்தது அரசாங்கச் சம்பளம். 2016ஆம் ஆண்டுச் சம்பள ஒழுங்கின்படி வைத்திய நிபுணரின் அடிப்படைச் சம்பளம் 88,000 ரூபாயிலே தொடங்கி, ஆண்டுக்கு 2,700 ரூபாவாகப் பன்னிரண்டு முறை கூடி, 120,400 ரூபாயிலே முடிந்தது. 2025ஆம் ஆண்டின் வரவுசெலவுத் திட்டம் அரசாங்க ஊழியரின் ஆகக்குறைந்த அடிப்படைச் சம்பளத்தை 24,250 ரூபாயிலிருந்து 40,000 ரூபாயாக உயர்த்தியபோது மேலுள்ள படிநிலைகளும் உயர்ந்தன. அவ்வுயர்வு ஒரேயடியாக அன்றி, மூன்று ஆண்டுகளிலே படிப்படியாகக் கைக்கு வருமாறு ஒழுங்கு செய்யப்பட்டது.

அடிப்படைச் சம்பளத்தோடு கணக்கு முடிந்துவிடுவதில்லை. மேலதிக நேரக் கொடுப்பனவும், அழைத்த வேளையில் வரத் தயாராயிருத்தல், போக்குவரத்து ஆகியவற்றுக்கான கொடுப்பனவும் உள்ளன. இரண்டாவதாகச் சொன்ன கொடுப்பனவு 35,000 ரூபாயிலிருந்து 70,000 ரூபாயாக 2024ஆம் ஆண்டின் தொடக்கத்திலே உயர்த்தப்பட்டது. அதே சலுகையைத் தமக்குங் கேட்டு ஏனைய சுகாதார ஊழியர்கள் வேலைநிறுத்தஞ் செய்ததை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

வருகின்றதில் வரிக்கும் பங்குண்டு. ஒரு நிபுணர் மாதம் நான்கு இலட்சம் ரூபாய் பெறுகின்றார் என்று வைத்துக்கொள்வோம். 2023ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த விகிதப்படி அவர் மாதந்தோறும் 70,500 ரூபாய் வருமானவரி கட்டவேண்டியிருந்தது. 2025 ஏப்பிரலிலே வரிவிலக்கின் எல்லை மாதம் 150,000 ரூபாயாக உயர்ந்து விகிதங்களும் மாறியதால், அதே தொகைக்குரிய வரி 50,000 ரூபாயாகக் குறைந்தது. இக்கணக்கை மாணவர்கள் தாமே செய்து பார்க்கலாம். உச்ச விகிதம் நூற்றுக்கு 36.

நமது வகுப்பு மாணவன் ஒருவன் அண்மையிலே நல்லதொரு வினாவைக் கேட்டான். "இருதயத்தைத் திறப்பவருக்கும் குடலிறக்கத்தைத் தைப்பவருக்கும் அரசாங்கம் ஒரே சம்பளந்தான் கொடுக்கிறதா, சேர்?" ஆம், ஒரே படிநிலைதான். மூளைக்குக் கத்தி வைப்பவரும் எலும்பைப் பொருத்துபவரும் சேவைக்காலம் ஒத்திருந்தால் அடிப்படைச் சம்பளத்திலும் ஒத்திருப்பர். பிரித்தானியாவின் தேசிய சுகாதார சேவையிலும் இதுவே முறை.

வேறுபாடு தோன்றும் இடம் தனியார் வைத்தியசாலையாகும். அரசாங்க வைத்தியர்கள் கடமைநேரத்துக்குப் புறம்பே தனியார் தொழில் செய்ய 1977ஆம் ஆண்டு முதல் அனுமதி உண்டு. மாலையிலே 'சனல்' செய்து நாம் காத்திருப்பது அவ்வனுமதியின் பயன். அங்கே துறைக்குத் துறை வருமானம் வேறுபடும். முறிந்த எலும்பு, கண்புரை, சலரோகத்தாற் புண்பட்ட கால் என்பவற்றுக்கு நோயாளிகள் நிறைய உளர். குழந்தைகளுக்கு மட்டும் சத்திரசிகிச்சை செய்பவருக்கு அத்தகைய கூட்டம் சேராது. அவருடைய கல்வி குறைந்ததன்று. அவர் காப்பாற்றும் உயிரும் சிறியதன்று. எனினும் சந்தை அவ்வாறு எடைபோடுகின்றது. தனியார் வைத்தியசாலைப் பட்டியலிலே காணும் முழுத்தொகையும் சத்திரவைத்தியரின் சட்டைப்பைக்குச் செல்கின்றது என்று எண்ணுவதும் பிழை. கூடத்தின் வாடகை, மயக்கமருந்து நிபுணரின் கட்டணம், தாதியர் பராமரிப்பு, மருந்து, உடலிலே பொருத்தும் உலோகத் தகடு ஆகிய யாவும் அதிலே அடங்கும்.

இச்சந்தையின் கோணலை நேராக்க அமெரிக்காவிலே ஒரு முயற்சி நடந்தது. ஹார்வர்ட் பல்கலைக்கழகப் பொருளியலறிஞர் வில்லியம் ஹ்சியாவோவும் குழுவினரும் ஒவ்வொரு சிகிச்சைக்கும் செல்லும் நேரம், கைத்திறன், மூளையுழைப்பு, ஆபத்தினால் விளையும் மன அழுத்தம் என்பவற்றை அளந்து புள்ளி கொடுத்தனர். முதியோருக்கான அரசாங்கக் காப்புறுதி 1992 முதல் அம்முறையைத் தழுவிக் கட்டணம் வழங்கி வருகின்றது. அதன் பின்னும் ஏற்றத்தாழ்வு மறைந்துவிடவில்லை. மூளை, எலும்பு, இருதயம் ஆகிய துறையினரே அங்கு முன்வரிசையில் நிற்கின்றனர். அந்நாட்டுத் தொழில் திணைக்களத்தின் 2023ஆம் ஆண்டு அட்டவணை, சத்திரவைத்தியரின் இடைநிலைச் சம்பளம் ஆண்டுக்கு 239,200 டொலருக்குக் குறையாது என்று மட்டும் கூறி நிறுத்திக்கொள்கின்றது.  ஆனால், அங்கே கடன்பட்டுக் கற்பவர் பலர் ஏறக்குறைய இரண்டு இலட்சம் டொலர்க் கடனோடு வெளியேறுவதையும், வழக்குக்கு அஞ்சிப் பெருந்தொகைக் காப்புறுதி கட்டுவதையும் சேர்த்துப் பார்த்தல் வேண்டும். நமது பிள்ளையோ இலவசக் கல்வியிலே, ஏழை விவசாயியின் வரிப்பணத்திலும் பங்குபற்றிப் படித்து வருகின்றான்.

இனி நம்மை வருத்துங் கணக்குக்கு வருவோம். 2024-25ஆம் ஆண்டிலே இங்கிலாந்தின் நிபுணர் ஒருவருக்குரிய அடிப்படைச் சம்பளம் ஆண்டுக்கு 105,504 பவுணிலே தொடங்கியது. பவுண் ஒன்றை 400 ரூபாயாகக் கொண்டால், மாதம் முப்பத்தைந்து இலட்சம் ரூபாய்க்கு மேலாகும். அங்குள்ள வரியும் வீட்டு வாடகையும் பெரியவை என்பது உண்மை. ஆயினும் இந்த இடைவெளியைப் புத்திமதியினால் மூடிவிட முடியாது. 2022ஆம் ஆண்டிலே ரூபாயின் பெறுமதி சில வாரங்களுக்குள் வீழ்ந்தபோது, இங்கே சம்பளம் குறையாமலே குறைந்தது. வெளிநாட்டுச் சம்பளம் கூடாமலே கூடியது. அதன்பின் நாட்டின் பல பாகங்களிலிருந்தும் வைத்தியர்கள் புறப்பட்டுச் சென்றார்கள்.

ஒருவர் புறப்பட்டால் என்ன நேரும்? கொழும்பிலே ஒருவர் போனால் மற்றொருவர் இருப்பார். ஆதார வைத்தியசாலையிலே ஒரேயொரு சத்திரவைத்தியர் இருந்து, அவரும் போய்விட்டால், அன்றிரவே குடல்வளரி வீங்கித் துடிக்கும் பிள்ளையை வண்டியிலேற்ற வேண்டும். பருத்தித்துறையிலிருந்து யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலை ஏறக்குறைய இருபது மைல். பகலிலே அது சிறிய தூரம். நள்ளிரவிலே தாய்க்கு அது முடியாத பிரயாணம். சத்திரவைத்தியர் இருந்தும் மயக்கமருந்து நிபுணர் இல்லையாயின் அதே கதைதான். வைத்தியத்துக்கு நோயாளி, வைத்தியன், மருந்து, பணிவிடை செய்வோன் என நான்கு உறுப்புக்களை வகுத்தவர் வள்ளுவர். ஓர் உறுப்புக் குறைந்தாலும் மற்றைய மூன்றும் பயன்படா.

போர்க்காலத்தை நினைப்போர், அன்று பணத்துக்காகவா வேலை செய்தார்கள் என்று கேட்கக்கூடும். 1990ஆம் ஆண்டு தொடக்கம் தேசிய மின்வலையமைப்பிலிருந்து மின்சாரம் வராத நீண்ட காலத்திலும் நமது வைத்தியசாலைகளிலே சத்திரசிகிச்சை நடந்தது. மந்திகையிலே எல்லைகளற்ற வைத்தியர் அமைப்பின் வெளிநாட்டுச் சத்திரவைத்தியர்கள் பணியாற்றினார்கள். போக வழியிருந்தும் போகாது நின்ற நம்மவர்களும் உளர். அவர்களுக்கு இம்மண் என்றும் கடன்பட்டது. ஆனால், ஒரு தலைமுறையின் தியாகத்தை அடுத்த தலைமுறையின் சம்பளப் பட்டியலாக எழுதிவிடலாகாது. தியாகஞ் செய்வோரை வணங்கலாம். எல்லோரும் தியாகஞ் செய்வர் என்று நம்பி வைத்தியசாலையை நடத்த இயலாது.

ஆதலின் வைத்தியர் தங்குவதற்கு வேண்டியவற்றைச் செய்தல் வேண்டும். அரசாங்கம் எவ்வளவு உயர்த்தினாலும் இங்கிலாந்தின் சம்பளத்தை எட்டப்போவதில்லை. ஆனால் சம்பளம் ஒன்றே மனிதரைப் பிடித்து வைப்பதில்லை. குடியிருக்கத் தக்க வைத்தியர் விடுதி, பழுதின்றி இயங்குங் கருவிகள், துணைக்கு இரண்டாவது நிபுணர், இரவுதோறும் அழைப்பு வராமல் வாரத்திலே சில நாள் நித்திரை ஆகியவை பணத்துக்கு ஈடாக நிற்குங் காரணங்கள். குடாநாட்டின் தூர வைத்தியசாலைகளுக்கு வருவோருக்கு விசேட கொடுப்பனவு வழங்குவதும் நியாயமே. பழைய மாணவர் சங்கங்களும் புலம்பெயர்ந்த உறவினரும் கட்டிடம் திறப்பதிலே காட்டும் ஊக்கத்தைச் சிறிது இப்பக்கமும் திருப்பலாம்.

மாணவர்களுக்கும் ஒரு வார்த்தை. சத்திரவைத்தியராக விரும்பும் பிள்ளை முதலிலே தன்னைக் கேட்க வேண்டியது, எட்டு மணிநேரம் நின்ற நிலையிலே கை நடுங்காது வேலைசெய்ய முடியுமா என்பதும், முப்பத்தைந்து வயதுவரை மாணவனாயிருக்கப் பொறுமை உண்டா என்பதுமாம். இரண்டுக்கும் ஆம் என்று விடை வந்தால் வறுமை அவனை அணுகாது என்று நாம் துணிந்து கூறலாம். பெருஞ் செல்வம் ஒன்றே நோக்கமாயின் அதற்குக் குறுகிய வழிகள் வேறு உண்டு.

பெற்றோரிடம் நாம் வேண்டுவதும் ஒன்றுண்டு. பிள்ளை எங்கே போனால் அதிகம் உழைக்கலாம் என்று கேட்கும் நாவினாலே, எழுபது வயதிலே நமது வயிற்றைக் கீறித் தைப்பதற்கு இங்கே யார் இருப்பார் என்றும் கேட்டுப் பாருங்கள். பிள்ளைகளை யெல்லாம் கடல்கடந்து அனுப்பிவிட்டு முதியோர் தனித்திருக்கும் வீடுகள் நமது ஒழுங்கைகளிலே மலிந்துவிட்டன. அவர்களுக்காயினும் இக்கேள்விக்கு நாம் எல்லோருஞ் சேர்ந்து விடை தேடவேண்டும்.