கேமராவுக்கும் சாவி உண்டு



பூட்டு பழுதானால் அன்றே மாற்றுகிறோம். கடையிலும் வீட்டிலும் வைத்த கேமராவை மட்டும் மாட்டியதோடு மறந்துவிடுகிறோம்.

சென்ற ஆண்டு எங்கள் கிடங்கில் இரண்டு மூட்டைப் பருப்பு குறைந்தது. பதிவைப் போட்டால் ஒன்றுமில்லை. ஹார்ட் டிஸ்க் பழுதாகி மூன்று மாதம் ஆகியிருந்தது. திரையில் படம் ஓடியதால் நாங்கள் அறியவில்லை. வேலைக்காரப் பையனைச் சந்தேகித்தோம். பிறகு பார்த்தால், பில்லில் ஏறாமல் வண்டியேறிய மூட்டைகள் அவை! அவன் முகத்தைப் பார்க்கவே வெட்கமாயிருந்தது.

ஆகவே, மாதந்தோறும் சரக்கு இருப்பு எடுக்கும் நாளில் முந்தைய வாரப் பதிவை ஓட்டிப் பாருங்கள். கடிகாரம் சரியா, கண்ணாடியில் மிளகாய்த் தூசியும் சிலந்தி வலையும் உண்டா, கரண்ட் போனால் பேட்டரி தாங்குகிறதா என்றும் கவனியுங்கள்.

கழற்றும்போது இன்னும் எச்சரிக்கை தேவை. பழைய பெட்டியை அப்படியே எடைக்குப் போடுகிறோம். அதிலுள்ள ஹார்ட் டிஸ்கில் நாம் கல்லா எண்ணுவதும், வீட்டார் வந்துபோகும் நேரமும் பதிவாகியிருக்கும். அதைக் கழற்றி வைத்துக்கொண்டு பெட்டியை மட்டும் கொடுங்கள். செல்போன் இணைப்பையும் நீக்குங்கள். புதிதாக மாட்டினால், மாட்டியவர் வைத்த பாஸ்வேர்டை அன்றே மாற்றுங்கள்.

அலாரத்துக்குத் தனி பேட்டரி உண்டு. மெயினை அணைத்தாலும் அலறும். அதைக் குப்பையில் எறியாதீர்கள். ஈய பேட்டரியைப் பேட்டரிக் கடையில் கொடுத்தால் பழைய விலை கிடைக்கும்.

சாவிக்கொத்தைக் காயலான் கடையில் போடும் வியாபாரி உண்டா? பழைய பதிவுப் பெட்டியும் சாவிக்கொத்துதான் என்பதே நமது கருத்து.