காலுக்கும் நியாயம் வேண்டும்

ஞாயிற்றுக்கிழமை தேக்காவில் கூடி, சிராங்கூன் ரோட்டைச் சுற்றிவிட்டு இருப்பிடம் திரும்புவதோடு நில்லாமல், புக்கிட் தீமா குன்றுக்கும் மெக்ரிட்சிக் காட்டுக்கும் நடைபோகும் தொழிலாளர் குழுக்கள் சிங்கப்பூரில் உண்டு. இதை மனமார வரவேற்கிறோம். ஆறு நாள் பிறருக்காக உழைத்த உடம்பு ஏழாம் நாள் தனக்காக நடப்பது நல்ல பழக்கம். ஆனால் புறப்படும் கூட்டத்தின் கால்களைப் பார்த்தால் கவலை பிறக்கிறது. ஒருவர் காலில் ஜப்பான் சிலிப்பர். மற்றொருவர் காலில் வேலைத்தலத்து இரும்புமூக்குப் பூட்ஸ். இன்னொருவர் காலில் அடி தேய்ந்து வழவழத்த பழைய சப்பாத்து. "ஒருநாள் நடைதானே, எது போட்டால் என்ன?" என்பது எல்லோருக்கும் பொதுவான பேச்சு.

தோழர்களே, நாட்கூலி பெறுகிறவனுக்குக் கால் வெறும் கால் அல்ல. அதுவே அவன் முதல். காட்டில் ஒரு வேரில் சறுக்கிக் கணுக்கால் பிசகினால் ஒரு வாரச் சம்பளம் போயிற்று. சப்பாத்தில் மிச்சம் பிடித்த காசு அதற்கு ஈடாகுமா?

"அப்பனும் பாட்டனும் வெறுங்காலோடு நடக்கவில்லையா?" என்று கேட்போர் உண்டு. நடந்தார்கள், அதன் விலையையும் கொடுத்தார்கள். விடியுமுன் பெரட்டுக்கு நின்று, ஈரத்தரையில் வெறுங்காலோடு நிரை நிரையாகப் பால்மரம் வெட்டியவர்களின் பாதத்தோலைத் துளைத்துக்கொண்டு கொக்கிப்புழு உள்ளே போயிற்று. குடலில் தங்கி இரத்தத்தை உறிஞ்சியது. ராக்பெல்லர் அறநிதியத்தின் ஆய்வுக்குழு ஒன்று 1915 முதல் 1917 வரை மலாயாவிலும் ஜாவாவிலும் பிஜியிலும் இந்நோயை ஆராய்ந்தது. தோட்டத் தொழிலாளி சோம்பேறி என்று ஏசிய துரைமார்களுக்கு, அவன் இரத்தம் குறைந்தவன் என்பது தெரியவில்லை.

இதிலுள்ள கொடுமையைக் கவனியுங்கள். 1877-இல் லண்டன் கியூ தோட்டத்திலிருந்து 22 ரப்பர் நாற்றுகள் சிங்கப்பூர் வந்தன. 1888-இல் இங்குள்ள தாவரவியல் தோட்டத்தின் பொறுப்பை ஏற்ற ரிட்லி, மரத்தைக் கெடுக்காமல் பால் எடுக்கும் முறையைக் கண்டார். அந்த முறையில் நம்மவர் எடுத்த பால் உலகத்துக்கே சப்பாத்தின் அடியாயிற்று. 1920-களில் டான் கா கீ சிங்கப்பூர்த் தொழிற்சாலையில் ரப்பர்ச் சப்பாத்துகளைச் செய்து ஏற்றுமதி செய்தார். 1935-இல் ஆல்ப்ஸ் மலையில் ஆறு தோழர்களைப் பறிகொடுத்த இத்தாலியர் விட்டாலே பிரமானி, பள்ளமும் மேடுமாக வார்த்த ரப்பர் அடியைச் செய்து 1937-இல் உரிமை பெற்றார். அதன் பிறகுதான் ஆணி அடித்த மலைச் சப்பாத்து மெல்ல மறைந்தது. மலையேறுகிறவன் உயிரைக் காத்தது ரப்பர். அந்த ரப்பரைத் தந்தவனோ வெறுங்காலோடு நின்றான்! ஆகவே நல்ல சப்பாத்து நமக்கு ஆடம்பரம் என்று யாரும் சொல்ல வேண்டாம். அது நமக்கு வரவேண்டிய பாக்கி.

அப்படியானால் விலை கூடியதுதான் நல்லதா? இல்லை. மலேசியத் தோட்டங்களில் பால்வெட்டுக்குப் போகிறவர்கள் போடும் கறுப்பு ரப்பர்ச் சப்பாத்தை எல்லோரும் அறிவோம். 'கம்போங் அடிடாஸ்' என்று வேடிக்கையாகப் பெயரிட்டார்கள். முழுதும் ரப்பர், அடியில் குமிழ்கள், விலை மிகக் குறைவு. சேற்றில் நன்றாகப் பிடிக்கும். கழுவினால் உடனே காய்ந்துவிடும். கினபாலு மலையின் வழிகாட்டிகள் முதல் காட்டோட்டக்காரர்கள் வரை அதைப் போட்டு நடந்திருக்கிறார்கள். ஆயினும் அதற்கும் குறையுண்டு. காற்றுப் புகாது, வேர்வையில் தோல் ஊறிக் கொப்புளம் எழும்பும். அடி மெல்லியதாகையால் கெட்டித் தார்ச்சாலையில் நெடுநேரம் நடந்தால் குதிகால் நோகும். எனவே விலையைப் பார்ப்பதற்கு முன் தரையைப் பாருங்கள்.

புக்கிட் தீமா குன்றின் உயரம் 163 மீட்டர்தான். உச்சிக்குப் போகும் தார்ச்சாலை செங்குத்து. இறங்கும்போது விரல்கள் சப்பாத்தின் முன்புறம் போய் முட்டும். மெக்ரிட்சியில் வேரும் செம்மண்ணும். மழை பெய்தால் வழுக்கும். அங்கே 250 மீட்டர் நீளத் தொங்கு பாலம் வரை போய்த் திரும்ப அரைநாள் ஆகும். தென்குன்றுப் பாதையில் இரும்பு நடைபாதையும் மரப்பலகைப் பாலமும் இருக்கின்றன. 2011 ஜூன் 30-ஆம் தேதியோடு ரயில் நின்றுபோன 24 கிலோமீட்டர்ப் பழைய ரயில் பாதையோ சமதரை. அங்கே தூரம்தான் சோதனை. இவை எதற்கும் பனிமலைக்குரிய கனத்த பூட்ஸ் தேவையில்லை. நம் ஊர் மழையில் அது நனைந்தால் காய இரண்டு நாள் பிடிக்கும். இலேசான, காற்றோட்டமுள்ள, அடியில் ஆழமான பள்ளங்கள் உள்ள சப்பாத்தே போதும்.

வேலைத்தலத்துப் பூட்ஸ் காலைப் பாரத்திலிருந்து காக்கச் செய்தது. இரும்புமூக்கு வளையாது, இறக்கத்தில் விரல்நகத்தைக் கறுக்க வைக்கும். அதை வேலைக்கே விட்டுவிடுங்கள்.

முஸ்தபாவில் வாங்கினாலும் குவீன்ஸ்வே கடைகளில் வாங்கினாலும் சிலவற்றை மறக்க வேண்டாம். மாலையில் போய் வாங்குங்கள். பகல் முழுதும் நின்ற கால் அப்போது சற்றே வீங்கியிருக்கும். நடைக்குப் போடும் காலுறையோடு இரு காலிலும் போட்டுப் பாருங்கள். விரல்களுக்கு முன்னால் ஒரு பெருவிரல் அகலம் இடம் வேண்டும். குதிகால் உள்ளே எழும்பக் கூடாது. வெறுங்காலோடும் சிலிப்பரோடும் வளர்ந்த நம்மவர் கால் முன்பக்கம் அகன்றிருக்கும். எண் சரியாக இருக்கிறதென்று குறுகிய சப்பாத்தில் காலைத் திணிக்காதீர்கள். கடையில் கூச்சப்படாமல் பத்து நிமிடம் நடந்து பாருங்கள். காசு கொடுக்கிறவர் நீங்கள். புதிதை ஒரு வாரம் அக்கம்பக்கத்தில் போட்டுப் பழக்கியபின் காட்டுக்குக் கொண்டு போங்கள். பருத்திக் காலுறை வேர்வையைத் தேக்கும். சீக்கிரம் காயும் காலுறை நல்லது.

இன்னொரு ஏமாற்றமும் உண்டு. நல்ல சப்பாத்தென்று பெட்டியில் பூட்டி, நாலைந்து ஆண்டு கழித்து எடுத்தால், நடக்கும்போதே அடி பிய்த்துக்கொண்டு பொடிப்பொடியாக உதிரும். பல சப்பாத்துகளின் நடுவடியிலுள்ள பாலியூரித்தேனை இந்நாட்டின் ஈரக்காற்று மெல்ல அரித்துவிடுகிறது. புறப்படுமுன் அடியை வளைத்து, விரலால் அழுத்திப் பாருங்கள்.

சர்க்கரை நோயுள்ள தோழர்கள் கூடுதல் கவனம் கொள்ள வேண்டும். மரத்துப்போன காலுக்குக் கொப்புளம் தெரியாது. சிறு புண் பெரும் புண்ணாகிக் காலையே இழந்தவர்கள் நம் சமூகத்தில் பலர். நடை முடிந்ததும் விரலிடுக்குகளைப் பார்ப்பது அவர்களுக்குக் கட்டாயம்.

குழுக்களின் செயலாளர்களுக்கு ஒரு வார்த்தை. நடைக்கு அறிவிப்பு எழுதும்போது கூடும் இடமும் நேரமும் மட்டும் எழுதுகிறீர்கள். தரை எப்படி, தூரம் எவ்வளவு, எந்தச் சப்பாத்து ஏற்றது என்று இரண்டு வரி சேர்த்து எழுதுங்கள். சரியான சப்பாத்து வாங்க வழியில்லாத தோழர் இருந்தால், அவரைச் சிலிப்பரோடு வழுக்குப் பாதையில் இழுத்துச் செல்லாமல், அந்த வாரம் குழு முழுதும் சமதரையில் நடக்கட்டும். ஒருவர் காலுக்கு மற்றவர் பொறுப்பு என்பதுதான் சங்கம் நமக்குக் கற்றுத் தந்த பாடம்.